அரசியின் அக்கா

பன்றி வெட்டும் வாரத்தில் எங்கள் வீட்டுக்கு யாரும் விருந்தாளியாக வர மாட்டார்கள். முற்றத்தில் கால் வைக்க இடம் இருக்காது. ஒரு பக்கம் செப்பு அண்டாவில் வெந்நீர் கொதிக்கும், இன்னொரு பக்கம் பெண்கள் குடல் அலசிக்கொண்டிருப்பார்கள், நாய்கள் எல்லோருடைய காலுக்கிடையிலும் புகுந்து வரும். அன்று காலை பெரினா மரத்தொட்டியின் முன்னால் நின்று தொடைக்கறிக்கு உப்புத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டி, தலையில் பழைய துணி ஒன்றைக் கட்டியிருந்தாள். கோவேறு கழுதையிலிருந்து இறங்கிய கிர்குர் சாமியார் அவளைப் பார்த்தார், பிறகு அவளைத் தாண்டி வீட்டு வாசலைப் பார்த்தார். தலைநகரத்துப் பேராயரின் காரியஸ்தர் அவர். பின்னால் மன்னரின் முத்திரை குத்திய உடுப்பில் இரண்டு சிப்பாய்கள். சீமாட்டி எங்கே என்று என்னிடம் கேட்டார்.

"நான்தான் சாமி," என்றாள் பெரினா. "கையெல்லாம் உப்பு. உள்ள போய் உக்காருங்க, இந்தத் தொட்டிய முடிச்சிட்டு வர்றேன்."

முடித்துவிட்டுத்தான் வந்தாள். அவர் அடுப்பருகே உட்கார்ந்து இரண்டு கோப்பை பிளம் சாராயம் குடிக்கும் அளவுக்கு நேரம் ஆயிற்று.

எங்கள் மலைநாட்டில் அவளுடைய தங்கை கட்டலேனாவைப் பற்றிய பாட்டு தெரியாதவர்கள் கிடையாது. வேட்டைக்கு வந்த மன்னர் வழிதவறி, ஊற்றடியில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த ஒரு பெண்ணைக் கண்டு, குதிரையிலிருந்து இறங்கி மண்டியிட்டார் என்று பாட்டில் வரும். உண்மையில் மன்னர் பெரும் பரிவாரத்தோடு வந்து, மழை விடும் வரை எங்கள் வீட்டில் தங்கி, வாத்துகளையெல்லாம் தின்று தீர்த்தார். கட்டலேனா தன் வாழ்நாளில் தண்ணீர் மொண்டதில்லை. ஆனால் அழகி என்பதில் பாட்டு பொய் சொல்லவில்லை. அந்த மழை விடுவதற்குள் அவள் அரசியாகிவிட்டாள். பாட்டில் அக்காவுக்கு இடம் இல்லை. சந்தையிலும் கோவிலிலும் பெரினாவை யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு நான் கேட்டதில்லை. அவள் இரண்டாவது பெண்ணைப் பெற்றபோதுகூட மருத்துவச்சி கதவைத் திறந்து, "அரசியோட அக்காவுக்குப் பொம்பளப் புள்ள," என்றுதான் வெளியே சொன்னாள். எனக்கு மட்டும் அவள் எப்போதும் பெரினாதான். அவளுக்குப் பால் கொடுத்தவள் என் அம்மா. ஒரே மடியில் வளர்ந்தவர்கள் நாங்கள். பிறர் முன்னால் அவளை அம்மா என்பேன், தனியாக இருக்கும்போது நீ, வா, போதான்.

அவளுடைய கணவர் விதோஷ் அப்போது மன்னரின் சிறையில் இருந்தார். தெற்கே எல்லைக் கோட்டை ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. துருக்கியர் அதைச் சுற்றி வளைத்து, உள்ளே தண்ணீர் தீர்ந்து, குழந்தைகள் சாகத் தொடங்கியபோது, உள்ளிருக்கும் சனங்களை உயிரோடு விட வேண்டும் என்ற பேச்சின் பேரில் அவர் கதவைத் திறந்துவிட்டார். துருக்கியர் பேச்சைக் காப்பாற்றினார்கள். சனங்கள் மூட்டை முடிச்சோடு வடக்கே நடந்து வந்து சேர்ந்தார்கள். மன்னர் அதற்குத் துரோகம் என்று பெயர் வைத்தார். பெரினா அப்போதே தலைநகருக்குப் போய்த் தங்கையின் காலில் விழாத குறையாகக் கேட்டாள். மனு கொடுக்க வந்தவர்களின் வரிசையில் அவளை நிறுத்தினார்கள். முறை வந்ததும் அரசி எல்லோர் எதிரிலும், மன்னரின் தீர்ப்பில் நான் தலையிடுவதில்லை என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெரினா வீட்டுக்கு வந்ததும் வேலைக்காரப் பெண்களைக் கூப்பிட்டு, இனிமேல் இந்த வீட்டில் அந்தப் பாட்டைப் பாடக்கூடாது என்றாள். அவ்வளவுதான்.

கையைக் கழுவிக்கொண்டு வந்து அவள் உட்கார்ந்ததும் கிர்குர் சாமியார் மன்னரின் துயரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். கல்யாணமாகி ஒன்பது வருடம். வாரிசு இல்லை. நாட்டின் நிலைமை இப்படி. மன்னர் இன்னொரு பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறார் என்பதை அவர் சொல்லவில்லை, ஆனால் சொல்லாமல் விட்ட விதத்திலேயே அது தெரிந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, சின்ன வயதில் அரசிக்கு ஒரு நிச்சயம் நடந்ததாமே என்றார்.

நடந்தது உண்மைதான். பக்கத்துச் சீமையின் பிரபு தன் மகன் மத்கோவுக்குக் கட்டலேனாவைக் கேட்டார். அவளுக்கு அப்போதுதான் பன்னிரண்டு முடிந்திருந்தது. வீட்டுச் சிற்றாலயத்தில், இரண்டு அப்பாக்களும் ஒரு கிழட்டுப் பங்குச் சாமியாரும் முன்னிற்க, மோதிரம் மாற்றினார்கள். தங்கையின் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு பெரினா பின்னால் நின்றாள். நான் உள்ளே போகவில்லை, ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்த இடத்தில் இருந்தேன். சில வருடம் கழித்து மன்னர் பெண் கேட்டதும் மத்கோவின் அப்பாவுக்கு இரண்டு கிராமங்கள் கிடைத்தன, நிச்சயம் எல்லோருக்கும் மறந்துபோனது. மத்கோ எல்லைப் படைக்குப் போனான். அரசியின் கல்யாணத்துக்கு அடுத்த வருடம் அங்கேயே செத்தான். அப்பாக்கள் போய்விட்டார்கள், சாமியாரும் போய்விட்டார். அன்று அங்கே நின்றவர்களில் மிச்சம் அக்காவும் தங்கையும்தான். தங்கையின் கல்யாணம்தான் வழக்கு என்பதால் அவளுடைய சாட்சி செல்லாது.

"எல்லாம் அன்னிக்குச் சொன்ன வார்த்தைப்பாட்டுல இருக்கு," என்றார் சாமியார். "'ஏத்துக்குவேன்'னு சொல்லியிருந்தா அது வெறும் நிச்சயம். 'ஏத்துக்கறேன்'னு சொல்லியிருந்தா அதுவே கல்யாணம். பன்னண்டு வயசுப் பொண்ணு சொன்னாலும் செல்லும். அப்ப மத்கோ உசிரோட இருக்கும்போது மன்னரோட நடந்தது செல்லாது."

"ஒரு சொல்லுதான் அப்ப."

"ஒரு சொல்லுதான் சீமாட்டி. ஆயர்கள் முன்னால சத்தியம் பண்ணி அத நீங்க சொல்லிட்டா, கிறிஸ்துமஸ் விருந்துக்கு ஒங்க வீட்டுக்காரர் இதே மேசையில உக்காந்திருப்பார். அவருக்கு இருமல்னு கேள்விப்பட்டேன். கோபுரம் ஆத்தங்கரையில இருக்கு பாருங்க, ஈரம்."

பெரினா மேசை விளிம்பில் ஒட்டியிருந்த உப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். வருகிறேன் என்றாள். ஆனால் முதலில் விதோஷைப் பார்க்க வேண்டும், பார்த்த பிறகுதான் ஆயர்கள். சாமியார் அதற்கு உடனே ஒப்புக்கொண்டார். அவ்வளவு சுலபமாக முடியும் என்று அவரே எதிர்பார்த்திருக்க மாட்டார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. கட்டலேனா என்ன செய்திருந்தாலும் நாங்கள் எண்ணெய் தேய்த்துத் தலை வாரி வளர்த்த பெண். துணி மடித்துக்கொண்டே, தங்கச்சிய விக்கப் போறியா என்று கேட்டுவிட்டேன். "வாத்துக்கொழுப்பு ஒரு ஜாடி எடுத்து வை ஸ்தானா. அவருக்குக் கால் வெடிச்சிருக்கும்," என்றாள்.

மலையிறங்கிப் போகும் வழியில் ஊர் ஊராக விஷயம் எங்களுக்கு முன்னால் போயிருந்தது. சத்திரத்தில் பெண்கள் எங்களுக்குக் கூழ் ஊற்றிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்தார்கள். ஒருத்தி நாங்கள் கிளம்பும்போது, புருஷனுக்காகக் கூடப்பிறந்தவள முடிக்கப் போறவ என்று காதில் விழும்படியே சொன்னாள். பெரினா குதிரையை நிறுத்தவும் இல்லை, விரட்டவும் இல்லை. தங்கையின் புகழால் அவளுக்கு ஒரு நன்மையும் வரவில்லை. அதன் மறுபக்கம் மட்டும் தவறாமல் அவள் வாசலுக்கு வந்தது.

சிறைக்கோபுரம் ஆற்றுப்பாலத்தின் நகர்ப்பக்க முனையில் இருக்கிறது. விதோஷை நான் அடையாளம் காணவில்லை. கல்யாணத்தன்று எருதைத் தோளில் தூக்குவேன் என்று பந்தயம் கட்டிய மனிதர். இப்போது வைக்கோல் மேல் கம்பளியைச் சுற்றிக்கொண்டு, பேச்சுக்கு நடுவே நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கினார். பெரினா அவருடைய காலை மடியில் எடுத்து வைத்துக் கொழுப்பைத் தடவத் தொடங்கினாள். என்ன நடக்கிறது என்று காவலர்கள் மூலம் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"சொல்லிடு பெரினா," என்றார். "எனக்கு வெளிய வரணும். அவ நமக்கு என்ன செஞ்சா?"

பெரினா மற்றக் காலை எடுத்துக்கொண்டாள்.

"நான் கெட்டவன் இல்ல. ஒனக்குத் தெரியும். ஆனா இங்க ரொம்ப நாள் நல்லவனா இருக்க முடியல."

"நடந்தத நடந்தபடி சொல்லுவேன்," என்றாள்.

"நடந்தது நமக்குச் சாதகமா, இல்லையா?"

அவள் கொழுப்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவர் காலை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அவள் ஜாடியை மூடி அவர் தலைமாட்டில் வைத்துவிட்டு எழுந்தாள். படியில் அவள் கையை நான் பிடித்துக்கொள்ளப் போனபோது வேண்டாம் என்று தலையசைத்தாள்.

மறுநாள் பூசை முடிந்ததும் அரசியிடமிருந்து ஆள் வந்தது. கோட்டைக்குப் பின்னால் வேட்டைப் பருந்துகளை வைத்திருக்கும் கொட்டிலுக்கு வரச்சொல்லி. அங்கே பருந்துகளின் காலில் கட்டிய மணிகள் ஓயாமல் சத்தம் போடுவதால் பேசுவது வெளியே கேட்காது. கட்டலேனா தோல் கையுறை போட்டுக்கொண்டு ஒரு பருந்துக்குக் கறித்துண்டு ஊட்டிக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். கண்ணுக்குக் கீழிருந்த கருமையை மாவு பூசி மறைத்திருந்தாள். நான் கதவருகே நின்றேன். என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். சின்ன வயதில் என் முதுகில் ஏறிச் சவாரி செய்தவள்.

"ஒம் மேல கோவம் இல்லக்கா," என்றாள். "நீ என்ன சொன்னாலும் கோவப்பட மாட்டேன். அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"பெரிய மனசு," என்றாள் பெரினா. "அன்னிக்கு என்னை வரிசையில நிக்க வச்சப்ப எங்க போச்சு?"

கட்டலேனா கறித்துண்டைக் கீழே வைத்தாள். "நான் யாருக்காகக் கேட்டாலும் அவருக்குப் பிடிக்காது. குதிரைக்காரன் ஒருத்தனுக்காக ஒரு தடவ கேட்டேன். அடிய நிறுத்தச் சொல்லித்தான் கேட்டேன். அவன் கையவே வெட்டி எடுத்துட்டாங்க. விதோஷ் அத்தான் பேர நான் வாயால சொல்லியிருந்தா இன்னிக்கு நீ கொழுப்புத் தடவக் காலு இருந்திருக்காது."

மணிகள் ஒலித்துக்கொண்டே இருந்தன. பெரினா அதை நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் நம்பினேன். அன்று சிற்றாலயத்தில் என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா என்று பெரினா கேட்டாள்.

"இல்ல," என்றாள் கட்டலேனா. "அப்பா சவுக்கக் கையில வச்சுக்கிட்டே நின்னார். பயத்துல காது அடைச்சுப் போச்சு. நான் சொன்னேனா, சொல்லலையா, எதச் சொன்னேன், எதுவும் ஞாபகம் இல்ல. ஆண்டவருக்கும் ஒனக்குந்தான் தெரியும்."

பெரினா அவளுடைய கன்னத்தில் கை வைத்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள். வழியில் நான் விடாமல் கேட்டேன். தங்கையிடமாவது சொல்லியிருக்கலாமே, என்னிடமாவது சொல்லக்கூடாதா என்று. அவளால எதையும் மறைக்க முடியாது, அவ முகத்துல எழுதி ஒட்டியிருக்கும், சொல்லிக்குடுத்த சாட்சின்னு தள்ளிடுவாங்க என்றாள். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதற்காக இன்றும் எனக்குச் சின்ன வருத்தம் உண்டு.

பேராலயத்தை ஒட்டிய மண்டபத்தில் மூன்று ஆயர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் லோவ்ரெத்ஸ் ஆண்டகை, மிகவும் வயதானவர், பாதி நேரம் தூங்குகிறவர் போல இருப்பார். மன்னரின் வழக்கறிஞர் ஒருவர், நீளமான கழுத்தும் அழகான கைகளும் கொண்டவர், நின்றுகொண்டிருந்தார். மேலே மாடத்தின் மரச்சல்லடைத் தடுப்புக்குப் பின்னால் அரசி இருப்பதாகச் சொன்னார்கள். சல்லடையில் நான்கு விரல்கள் பற்றியிருந்தது மட்டும் எனக்குத் தெரிந்தது.

பெரினா வேதபுத்தகத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தாள். வழக்கறிஞர் அவசரப்படவில்லை. யார் யார் இருந்தார்கள், மோதிரம் என்ன உலோகம், வெளிச்சம் எப்படி என்றெல்லாம் கேட்டார். பிறகு, மணமகள் பக்கத்து வார்த்தைப்பாடு சொல்லப்பட்டதா என்றார்.

"சொல்லப்பட்டது."

"'ஏற்றுக்கொள்வேன்' என்றா, 'ஏற்றுக்கொள்கிறேன்' என்றா?"

"'ஏத்துக்கறேன்'னு."

மண்டபத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. கிர்குர் சாமியார் தன் பெரிய மூக்கைத் துடைத்துக்கொண்டார். சல்லடையிலிருந்த விரல்கள் மறைந்துவிட்டன. வழக்கறிஞர் நன்றி சொல்லி உட்காரப் போனார்.

"யார் சொன்னதுன்னு நீங்க கேக்கல," என்றாள் பெரினா.

லோவ்ரெத்ஸ் ஆண்டகை கண்ணைத் திறந்தார். "யார் சொன்னது மகளே?"

"நான் சொன்னேன் ஆண்டகையே. அவளுக்கு வாயே வரல. நின்ன இடத்துலயே பாவாடைய நனைச்சுட்டா. அப்பா பாக்கறதுக்குள்ள முடியணும்னு, முக்காட்டுக்குப் பின்னாலேருந்து நான் சொன்னேன். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே குரல். சாமியாருக்குக் காது மந்தம். அவ ஒரு சொல்லும் சொல்லல."

ஏன் இத்தனை வருடம் சொல்லவில்லை என்று பக்கத்திலிருந்த ஆயர் கேட்டார். யாரும் கேட்கவில்லை என்றாள். அந்தப் பையனுக்காவது தெரியுமா என்றார். மத்கோவுக்குத் தெரியும் என்றாள். அன்று விருந்தில் அவள் பக்கம் சாய்ந்து, ரெண்டு பொண்ணுக்கு ஒரு மோதிரந்தான் கொண்டுவந்தேன், மன்னிச்சிருங்க என்றானாம். நல்ல பையன் என்றாள். லோவ்ரெத்ஸ் ஆண்டகையின் தோள்கள் குலுங்கின. அவர் சிரிப்பதை அன்றுதான் பார்த்ததாக எல்லோரும் பிறகு சொன்னார்கள்.

வழக்கறிஞர் எழுந்து வந்தார். அவருக்கு மூளை வேகமாக ஓடும். "அப்படியானால் சீமாட்டி, மத்கோவை ஏற்றுக்கொள்கிறேன் என்று சொன்ன வாய் உங்களுடையது. மத்கோ உயிரோடிருக்கும்போதே நீங்கள் விதோஷைக் கட்டிக்கொண்டீர்கள். நீங்கள் யாருடைய மனைவி? உங்கள் பெண்கள் யாருடைய பெண்கள்?"

இதை அவள் முன்பே யோசித்திருந்தாள் என்று அப்போது எனக்குப் புரிந்தது. உப்புத் தொட்டியின் முன்னால் நின்ற நேரத்திலேயே யோசித்திருப்பாள்.

"அதுக்குத்தான் நீங்கள்லாம் படிச்சிருக்கீங்க," என்றாள். "நான் சத்தியம் பண்ணினேன். நடந்ததச் சொல்லிட்டேன்."

அரசியின் கல்யாணத்தை அந்த வழியில் உடைக்க முடியாது என்று ஆயர்கள் முடிவு சொல்ல வேண்டியதாயிற்று. மன்னர் மேசையிலிருந்த பாத்திரங்களைத் தரையில் வீசியதாக அரண்மனையில் பேசிக்கொண்டார்கள். பெரினாவின் விஷயம் ரோமாபுரிக்கு அனுப்பப்பட்டது. பதில் வரப் பல வருடம் ஆகலாம். அதுவரை அவளை விதோஷின் மனைவி என்று சொல்வதற்கில்லை. மறுநாள் கோபுரத்துக்குப் போனபோது காவலன் சங்கடத்தோடு வழிமறித்தான். மனைவிமார்களுக்குத்தான் அனுமதி, மேலிடத்து உத்தரவு என்றான்.

நான் அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். தங்கையைக் காப்பாற்றினாள், புருஷனை இழந்தாள், பெண்கள் இரண்டும் பெயரில்லாமல் நின்றன. இதைத்தான் செய்யப் போகிறாள் என்று தெரிந்திருந்தால் மலையிலேயே அவள் காலைக் கட்டிப்போட்டிருப்பேன் என்று கத்தினேன். பெரினா கையிலிருந்த சூப்புப் பானை சாயாமல் பார்த்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அழுது முடிக்கும் வரை காத்திருந்தாள்.

"மத்கோ செத்தாச்சு," என்றாள். "அப்ப நான் விதவ. இல்லன்னா கன்னி. ரெண்டுல எதுவா இருந்தாலும் கல்யாணம் பண்ணிக்கலாம் இல்ல?"

அன்றே லோவ்ரெத்ஸ் ஆண்டகையைப் போய்ப் பார்த்தாள். விதோஷுக்கும் எனக்கும் கல்யாணம் செய்து வையுங்கள், இப்போது எந்தச் சந்தேகமும் வராதபடி என்றாள். சிறையில் இருப்பவனுக்கும் கல்யாணம் போன்ற தேவதிரவிய அனுமானங்கள் உண்டு, மன்னரே ஆனாலும் அதைத் தடுக்க முடியாது என்றார். ஆனால் கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது, அது முடிந்து ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் கழியும் வரை கோவிலில் கல்யாணம் கிடையாது, பொறுத்திருக்க வேண்டும் என்றார்.

பொறுத்திருந்தாள். பாலத்துக்குப் பக்கத்தில் தோல் பதனிடுகிறவன் வீட்டு மாடியில் ஓர் அறையை எடுத்துக்கொண்டோம். நாற்றம் தாங்காது. தினமும் சூப்புப் பானையோடு கோபுர வாசலில் போய் நிற்பாள். காவலனின் மனைவி பானையை வாங்கி உள்ளே கொண்டுபோவாள், பிறகு திருப்பித் தருவாள். விதோஷ் முதலில் தொடவே இல்லையாம். பிறகு ஒரு நாள், உப்பு குறைவு என்று சொல்லியனுப்பினார். அதைக் கேட்டு பெரினா தெருவில் நின்று சிரித்தாள். நகரத்துப் பெண்கள் சிலர் அவளுக்கு வழியில் விறகும் வெங்காயமும் கொடுத்தார்கள். அவர்களில் ஒருத்தி, "இந்தாங்க பெரினா அம்மா," என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். பெரினா கவனித்ததாகத் தெரியவில்லை.

கல்யாணம் கோபுரத்தின் கீழறையில் நடந்தது. மன்னர் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போயிருந்தார். விதோஷைக் குளிப்பாட்டி, தாடி மழித்து, நான் தைத்துக் கொண்டுபோன சட்டையைப் போட்டுவிட்டிருந்தார்கள். அவருக்கு நிற்பதே பாடாக இருந்தது. சாட்சிக்கு ஒரு ஆள் குறைகிறதே என்று லோவ்ரெத்ஸ் ஆண்டகை சுற்றுமுற்றும் பார்த்தபோது வெளியே காலடிச் சத்தம் கேட்டது. காவலர்கள் மண்டியிட்டார்கள். கட்டலேனா ஒரே ஒரு தோழியோடு, நரித்தோல் மேலங்கி தரையில் புரள உள்ளே வந்தாள். நேராக அக்காவிடம் போனாள்.

"ஒன்பது வருஷம்," என்றாள் தணிந்த குரலில். "பாவத்துல இருக்கோமோன்னு நெனச்சுக்கிட்டே ஒவ்வொரு நாளும் எந்திரிச்சேன். புள்ள இல்லாதது அதுக்குத் தண்டனன்னு நெனச்சேன். நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"ஒனக்கே தெரியாதுன்னு எனக்குத் தெரியாதுடி," என்றாள் பெரினா. "பாவாடைய நனைச்ச வெக்கத்த நீ மறந்திருப்பன்னு நெனச்சேன். அத ஞாபகப்படுத்தக் கூடாதுன்னு இருந்தேன்."

பிறகு ஆண்டகை தொண்டையைச் செருமினார். கட்டலேனா அக்காவின் பின்னால் போய் நின்று முக்காட்டைப் பிடித்துக்கொண்டாள். விதோஷ் தன் வார்த்தைப்பாட்டைச் சொல்லும்போது இருமல் வந்து இரண்டு முறை நிறுத்தினார். மூன்றாவது முறை முழுதாகச் சொன்னார். சொல்லிவிட்டுப் பெரினாவின் கையைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். அவர் மன்னிப்புக் கேட்ட விதம் அது.

ஆசீர்வாதம் முடிந்தது. நான் கொண்டுபோயிருந்த தேன் ரொட்டியை எல்லோரும் ஆளுக்கொரு துண்டு தின்றோம். காவலனுக்கும் கொடுத்தோம். அவன் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு, கைதியை மேலே கொண்டுபோக வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். கட்டலேனா மேலங்கியைக் கழற்றி விதோஷின் தோளில் போட்டாள். அவருடைய ஒரு கையைத் தன் தோளில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். "அந்தப் பக்கம் பிடி," என்றாள் அக்காவிடம்.

பெரினா அவளைப் பார்த்தாள். "மன்னர்கிட்டக் கேட்டியா?"

"கேக்கலக்கா. கேட்டாத்தானே இல்லம்பார்."

"ஒனக்கு என்ன ஆகும்னு தெரியும்ல?"

"தெரியும். பிடி."

காவலன் வாயைத் திறந்தான். ஆனால் அரசியின் உடம்பில் கை படாமல் அந்த மனிதரைப் பிடித்து இழுக்க வழியே இல்லை. அவருடைய கை அவள் கழுத்தைச் சுற்றிக் கிடந்தது. அவன் லோவ்ரெத்ஸ் ஆண்டகையைப் பார்த்தான். அவர் கண்ணை மூடி, உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தார், அல்லது தூங்குகிறவர் போல இருந்தார்.

வெளியே பனி பெய்து நின்றிருந்தது. விதோஷுக்கு வெளிச்சம் தாங்காமல் கண்ணில் நீர் வழிந்தது. மூவரும் பாலத்தில் ஏறினார்கள். பின்னால் மூட்டைகளோடு நானும், அழுதுகொண்டே அந்தத் தோழியும். கீழே ஆற்றில் பனிக்கட்டிகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம். அவர் காலடிக்கு ஏற்ப இருவரும் மெதுவாக நடந்தார்கள். கரையோரம் துணி அலசிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள். கை வண்டிக்காரன் ஒருவன் வண்டியை ஓரமாக ஒதுக்கிவிட்டுத் தொப்பியைக் கழற்றினான்.

பாலத்தின் பாதியில் அதைப் பார்த்தோம். மறுமுனையை அடைத்துக்கொண்டு மன்னரின் குதிரைவீரர்கள் நின்றிருந்தார்கள். யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். முன்னால் இருந்த தலைவனின் கை வாளின் மேல் இருந்தது. நான் நின்றுவிட்டேன். அவர்கள் நிற்கவில்லை. பெரினா தலையைக் கூட உயர்த்தாமல், விதோஷ் கால் வைக்கும் பலகைகளையே பார்த்து, இங்க வழுக்கும், பாத்து, இங்க, என்று சொல்லிக்கொண்டு போனாள். கட்டலேனா மேலங்கி இல்லாமல், குளிரில் உதடு நீலம் பாரித்து, தலைவனின் கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தாள். குதிரைகளின் மூச்சு வெண்புகையாக அவர்கள் முகத்தில் படும் தூரத்துக்கு வந்துவிட்டார்கள்.

தலைவன் அசையவில்லை. அவனுக்கு இடப்புறம் நரைத்த மீசைக்காரன் ஒருவன் இருந்தான். அவன் விதோஷையே, எல்லைக் கோட்டையில் பார்த்த முகத்தைப் பார்ப்பது போல, உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, யாரையும் கேட்காமல், கடிவாளத்தை லேசாக இழுத்தான். அவனுடைய குதிரை பலகையில் குளம்பு தடதடக்கப் பக்கவாட்டில் ஓரடி நகர்ந்தது. அடுத்த குதிரைக்காரன் அவனைத் திரும்பிப் பார்த்தான், பிறகு தன் கடிவாளத்தைக் கையில் எடுத்தான்.